எந்தத் தெரு என்று கேட்டால்

ராமாயிக்கு வாய் நீளம். இதை வடகரைப்பத்தின் மேலத்தெருவும் சொல்லும், கீழத்தெருவும் சொல்லும். இரண்டு தெருவும் ஒத்துப்போகிற சங்கதி அந்த ஊரில் அநேகமாக இது ஒன்றுதான்.

நன்னிலத்திலிருந்து டவுன் பஸ் போகிற ஊர். வயலெல்லாம் மேலத்தெருவுக்கு, வயலில் இறங்குகிற கால்களெல்லாம் கீழத்தெருவுக்கு என்றிருந்த காலம் மலையேறிவிட்டது என்பார்கள். பாதி மலைதான் ஏறியிருக்கிறது. கீழத்தெருவில் இன்று வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், குத்தகைக்கு நிலம் பிடித்துச் சொந்தமாக நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ராமாயியின் மகள் செம்மொழி கால்நடை மருத்துவர். ஆனால் மேலத்தெருவில் அரை டிராயர் போட்ட பையன்கூட ஐம்பது வயது ராமாயியை "ராமாயி, இங்க வா" என்றுதான் கூப்பிடுவான். அவர் அந்தப் பையனை "சொல்லுங்க தம்பி" என்பார். இது எந்த ஊர் மரியாதை என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

அவருடைய வாய் முதலில் நீண்டது பள்ளிக்கூடத்தில். இலவசச் சட்டை கொடுக்கிற நாளில் வாத்தியார் வந்து, "ஏழைப் பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். கீழத்தெருப் பிள்ளைகள் பழக்கப்படி எழுந்தார்கள். ராமாயியும் எழுந்தாள். எழுந்தவள் சும்மா நிற்கவில்லை. "சார், எங்கப்பா விடியறதுக்கு முன்னாடி வயலுக்குப் போறாரு. மேலத்தெரு அப்பாக்கள்லாம் வரப்புல குடை புடிச்சுட்டு நிக்குறாங்க. வேலை செய்யுறவங்க எப்படி சார் ஏழையானாங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை, பிரம்புதான் வந்தது. அந்த வருஷம் சட்டையும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், மேலத்தெருவில் பண்ணையாளாக இருந்த அப்பா தன் பங்குக்கு இரண்டு வைத்தார். கேள்வி கேட்டால் அடி விழும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாள். அதனால் கேள்வியை விட்டுவிட்டாளா என்றால், அதுதான் இல்லை.

வைரக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடிபோனார். வைரக்கண்ணு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். கேட்டால், "வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பார். ராமாயி நடவுக்குப் போனார். கை ஓடுகிற வேகத்தில் வாயும் ஓடியதால் கூலி பேச அவரையே முன்னால் தள்ளினார்கள். அப்படியே பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவு செட்டு ஒன்றுக்குத் தலைவி ஆனார். இப்போது நடவு மெஷின் வந்து பாதி வேலையைத் தின்றுவிட்டது. ஆனாலும் மெஷின் இறங்காத சேற்றுக்கும், மெஷின் திரும்ப முடியாத மூலைக்கும் ராமாயி செட்டைத்தான் கூப்பிடுவார்கள்.

பெரும்புயல் அடித்த வருஷம் இரண்டு தெருவும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகக் கிடந்தன. ஒரே அண்டாவில் சோறு, ஒரே பாயில் பிள்ளைகள். மேலத்தெரு அகிலாண்டம் ராமாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிவாரணம் கொடுக்க ஒரு கூட்டம் வந்து, ஒரு பருப்புப் பொட்டலத்தை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தது. "ஏங்க, அவ்ளோ கனமாவா இருக்கு?" என்று ராமாயி கேட்டதில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அப்புறம் தண்ணீர் வடிந்தது. தண்ணீர் வடிந்ததும் தெரு தெரிந்துவிட்டது. அகிலாண்டம் மறுபடியும் வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் பேசினார்.

இந்த அகிலாண்டத்தின் மகன்தான் பரணிதரன். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. வேலை நேரம் போக வீடியோ போடுவான். ஊர்ப் பெருமை, மண் வாசனை, பழைய சோற்றின் மகிமை என்று பேசுவான். பழைய சோறு தவிர வேறு கதியில்லாத வீட்டில் அதன் மகிமை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும் என்று ராமாயி சொல்வதுண்டு. ஆனாலும் பார்ப்பார். ஊர்ப்பிள்ளை.

அந்தப் பரணிதரன் ஒரு நாள் கண் சிவக்க ஒரு வீடியோ போட்டான். அங்கே வாடகைக்கு வீடு தேடிப் போயிருக்கிறான். போனில் சரி என்ற வீட்டுக்காரர் நேரில் இவனைப் பார்த்ததும், இந்தியர்களுக்கு விடுவதில்லை, உங்கள் சமையல் வாசம் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாராம். "நான் என்ன படிச்சிருக்கேன், என்ன வேலை பாக்குறேன், எதுவும் கேக்கல. என் தோலைப் பாத்தாங்க, கதவைச் சாத்திட்டாங்க. மனுஷனை மனுஷனாப் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்கும்போது அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. மேலத்தெருவே கொதித்தது. வெள்ளைக்காரன் போயும் புத்தி போகவில்லை என்றார்கள். வீடியோவை எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

ராமாயிக்கும் வந்தது. பார்த்து உண்மையாகவே அழுதார். கதவைச் சாத்துவது என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு அழுகை வராமல் என்ன செய்யும்? எழுதிப் பழக்கமில்லை என்பதால் குரலில் சேதி அனுப்பினார். "தம்பி பரணி, ராமாயி பேசுறேன். மனசு ஒடைஞ்சு போவாதீங்க. சாத்துன கதவு ஒரு நாள் தொறக்கும். ஒங்களுக்கு என்ன கொறச்சல்?" பதிலுக்கு இரண்டு கை கூப்பிய படம் ஒன்று வந்தது.

அன்று மாலையே சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகன் புகழேந்தி கூப்பிட்டான். வெல்டிங் வேலை பார்க்கிறவன். "அத்தை, பரணி அண்ணன் ஒரு மாசமா எங்க ரூம்லதான் இருக்காரு. என் கட்டிலக் குடுத்துட்டு நான் கீழ படுத்துக்குறேன். நான் வைக்கிற ரசம்னா அவருக்கு உசுரு" என்றான். ராமாயிக்குப் பெருமையாக இருந்தது. வீடியோவில் அதைப் பரணி சொல்லவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

செம்மொழிக்குக் கும்பகோணத்துப் பக்கம் வேலை கிடைத்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. பெண்கள் விடுதியில் ஒரு அறையில் மூன்று பேர். மாட்டுச் சாணியும் மருந்துமாக வீடு திரும்புகிற பெண்ணோடு அறையைப் பங்கு போட மற்ற இரண்டு பேருக்கும் கஷ்டம். இவளுக்கும் கஷ்டம். தனக்கென்று ஒரு கதவு வேண்டும், உள்ளே போனால் தாழ் போட்டுக்கொண்டு காலை நீட்ட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. வீடுகள் பார்த்தாள். எல்லா வீட்டிலும் முதலில் சிரித்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊரைச் சொன்னால், எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதற்கப்புறம் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு, பையன் கல்யாணம் வருகிறது, பெயிண்ட் அடிக்கப்போகிறோம் என்று ஏதாவது வந்துவிடும்.

ஒரு மாடி வீட்டில் 'வாடகைக்கு' என்று போர்டு தொங்கியது. எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து பேசினாள்.

"டாக்டரா? வாம்மா வாம்மா. மாட்டு டாக்டர்னா இன்னும் விசேஷம். சொந்த ஊரு எது?" என்றது போனில் ஒரு குரல்.

"வடகரைப்பத்துங்க."

"அடடே, எங்க ஊரு! நான் அகிலாண்டம்தான் பேசுறேன். யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

ஊர்க்காரர் வீடு என்றதும் செம்மொழிக்கு நிம்மதி வந்துவிட்டது. தெரு கேட்கிற தொல்லை இல்லை, தெரிந்தவர்தானே என்று நினைத்தாள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். அகிலாண்டம் வீட்டுப் பசுவுக்குக் கன்று குறுக்கே நின்ற அன்று, லீவுக்கு வந்திருந்த இவள்தான் தோள் வரைக்கும் கைவிட்டு எடுத்தாள். அந்த நம்பிக்கையில், "ராமாயி மகளுங்க, செம்மொழி" என்றாள்.

"ஓ, ராமாயி மகளா" என்று குரல் இறங்கியது. அப்புறம், "நேத்துத்தாம்மா ஆள் பேசி முடிச்சோம். சொல்ல மறந்தே போயிட்டேன் பாரு" என்றார் அகிலாண்டம். ஒரு மாதம் கழித்தும் அந்தப் போர்டு அங்கேயே தொங்கியது.

இதைக் கேட்ட ராமாயி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். பசுவின் வயிற்றுக்குள் போகலாமாம், பூட்டிக் கிடக்கிற மாடிக்குள் போகக்கூடாதாம். "நாளைக்கே போய்க் கேக்குறேன்" என்றார்.

"வேண்டாம்மா. கேட்டா இல்லேன்னு சொல்லுவாங்க. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லுவாங்க. எனக்கு அலுத்துப்போச்சு, விட்டுடு" என்றாள் செம்மொழி. மகள் சொன்ன அந்த 'அலுத்துப்போச்சு' ராமாயிக்கு முள்ளாகத் தைத்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு நடந்துகொண்டிருந்த நேரம். பரணிதரன் லீவில் வந்தான். வந்தவன், இந்த வருஷம் வாய்க்கால் ஓரத்து வயலில் மெஷின் வேண்டாம், கை நடவுதான், குலவை போட்டுப் பாட்டோடு நடக்க வேண்டும், அதை அப்படியே லைவாகப் போடப் போகிறேன் என்றான். ஆள் விட்டு ராமாயியைக் கூப்பிட்டான்.

"ராமாயி, நாளன்னைக்கு எல்லாரையும் ஒரே மாதிரி செவப்புப் பொடவையில வரச் சொல்லு. பச்ச வயலுக்கு அதான் எடுப்பா இருக்கும்" என்றான்.

"சேத்துல எறங்குறவங்களுக்குச் செவப்பென்ன, மஞ்சளென்ன தம்பி. வர்றோம்" என்றார் ராமாயி. அந்த வீட்டு நிலம்தான் ஊரிலேயே பெரிசு. அந்த வேலை கையை விட்டுப் போனால் செட்டில் எல்லாருக்கும் அடுப்பு அணையும். வாயைக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லிக்கொண்டது உண்மை. கட்டியது கடைசியில் அவிழ்ந்துபோனதும் உண்மை.

நடவன்று காலையில் பரணிதரன் வெள்ளை வேட்டியில் வந்தான். குச்சியில் போனை மாட்டிக்கொண்டு வரப்பில் ஏறினான். பெண்கள் குலவை போட்டார்கள். போனைப் பார்த்துச் சிரித்தபடி அவன் பேச ஆரம்பித்தான். "வணக்கம் மக்களே! இதுதான் எங்க ஊரு, எங்க மண்ணு. இவங்க ராமாயி அம்மா. எங்களுக்கெல்லாம் அம்மா மாதிரி."

வயலில் குனிந்திருந்த ராமாயி நிமிர்ந்தார். முந்தாநாள் 'சொல்லு' என்றவன், போன் முன்னால் 'அம்மா' என்கிறான். குச்சியில் மாட்டிய ஒரு போனுக்கு இருக்கிற சக்தி தன் ஐம்பது வயசுக்கு இல்லையே என்று நினைத்தார்.

டெல்டாவில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வரப்பில் வருகிறவரை மறித்து, பெண்கள் அவர் காலடியில் ஒரு நாற்று முடியை வைப்பார்கள். கட்டி வைத்த பச்சை நாற்றைத் தாண்டிப் போவது நிலத்தை அவமதிப்பது மாதிரி. கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் கேட்கிற உரிமை சேற்றில் நிற்கிறவருக்கு. டீச்செலவுக்கு ஏதாவது கேட்பார்கள், கொடுப்பார்கள், சிரித்துக்கொண்டு பிரிவார்கள்.

ராமாயி ஒரு முடியை எடுத்துக்கொண்டு போய்ப் பரணிதரன் காலடியில் வைத்தார். இதற்காகத்தான் அவனும் காத்திருந்தான்.

"மக்களே, இதுதான் எங்க ஊரு பண்பாடு! இந்த நாத்து முடிய வச்சுட்டாங்கன்னா ராஜாவே வந்தாலும் தாண்ட முடியாது. கேட்டதக் குடுத்தே ஆகணும்" என்று போனிடம் விளக்கினான். பிறகு இவரைப் பார்த்து, "என்ன வேணும் ராமாயி அம்மா? கூச்சப்படாமக் கேளுங்க" என்றான்.

"கூச்சமெல்லாம் இல்ல தம்பி. கும்பகோணத்துல ஒங்க மாடி வீடு பூட்டிக் கெடக்குதுல்ல, அதோட சாவி வேணும்."

அவன் இதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். "சாவியா? எதுக்கும்மா?"

"குடியிருக்கத்தான். சும்மா இல்ல, வாடகை குடுத்துத்தான். எம்மவ செம்மொழி போன் பண்ணிக் கேட்டா. டாக்டருன்னதும் வாம்மான்னாங்க ஒங்க அம்மா. ராமாயி மவள்னதும் ஆள் வந்தாச்சுன்னுட்டாங்க. வந்த ஆளு யாருன்னு தெரியல, போர்டு இன்னும் தொங்குது."

சிரிப்பு அவன் முகத்திலேயே காய்ந்துபோனது. "எனக்கு இது தெரியவே தெரியாதே" என்றான்.

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. சொல்லுங்க."

"அது அம்மா பாத்துக்குற வெவகாரம். சிங்கப்பூர்ல நடந்தது வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

இவர் இன்னும் சிங்கப்பூர் பேச்சையே எடுக்கவில்லை. அவன் வாயிலிருந்தே அது வந்து விழுந்தது. ராமாயிக்கு அதற்குமேல் வாயைக் கட்ட முடியவில்லை, கட்டவும் மனசில்லை.

"எது தம்பி வேற? அங்க தோலப் பாத்தான், இங்க தெருவப் பாக்குறாங்க. அவனாச்சும் ஒங்க மொகத்தப் பாத்துச் சொன்னான். எம்மவ மொகத்தக்கூடப் பாக்கல, போன்லயே முடிஞ்சுபோச்சு. என்ன படிச்சேன், என்ன வேலை பாக்குறேன்னு ஒருத்தரும் கேக்கலன்னு அழுதீங்களே, இங்க அதெல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்டுட்டு அப்புறம் சாத்துறாங்க. ஒங்களுக்காக நான் அழுதேன் தம்பி. எம்மவளுக்காக நீங்க அழ வேணாம். அங்க கேட்ட கேள்விய இங்கயும் கேளுங்க, போதும்."

ரெங்கம்மாள் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார். செட்டிலேயே மூத்தவர். "போதும்டி, விடுடி" என்று பல்லைக் கடித்தார். ராமாயி முந்தானையை விடுவித்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு. அங்க வீடு கெடைக்காம ஒரு மாசம் எங்க படுத்திருந்தீங்க? வீடியோவுல அத மட்டும் சொல்லலியே. எங்க அண்ணன் மவன் புகழேந்தி கட்டில்ல. அவன் தரையில படுத்தான். அவன் வச்ச ரசத்தக் குடிச்சீங்க. எந்தத் தெருன்னு அங்க ரெண்டு பேருமே கேட்டுக்கல. திருச்சியில ஃப்ளைட்ட விட்டு எறங்குனதும் தெரு வந்து ஒட்டிக்குதா?"

  செட்டிலேயே இளையவளான இசைவாணிதான், "அண்ணே, லைவ் ஓடிக்கிட்டிருக்கு" என்று எடுத்துக் கொடுத்தாள். பரணிதரன் பதறிப்போய்ப் போனை அணைத்தான்.

இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். "காசு கேக்கலியே தம்பி" என்றார் ராமாயி. முன்னால் நாற்று முடி. இரண்டு பக்கமும் முழங்கால் சேறு. அவன் ஒரு நிமிஷம் சேற்றைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான், வந்த வழியே திரும்பிப் போனான்.

பெண்கள் நடவை நிறுத்தவில்லை. பயிர் என்ன பாவம் செய்தது? மாலைக்குள் வயலை முடித்தார்கள். அந்த ஒரு முடியை மட்டும் யாரும் நடவில்லை. வரப்பிலேயே கிடந்தது.

மறுநாள் அகிலாண்டம் வீட்டுக் காரியக்காரர் வைத்தியலிங்கம் வந்து, இனி மிச்சத்துக்கெல்லாம் மெஷின்தான், யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெங்கம்மாள் ராமாயி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "ஒம்மவளுக்கு வீடு வேணும்னு எங்க அடுப்புல தண்ணிய ஊத்திட்டியேடி!"  அதில் நியாயம் இருந்தது. அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. வைரக்கண்ணுதான் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார். "கேட்டது தப்பில்ல. நம்மள்ல ஒருத்தரும் இத்தன வருஷமாக் கேக்காததுதான் தப்பு" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ரெங்கம்மாள் திரும்பி வந்தார். கையில் வரப்பில் கிடந்த நாற்று முடி. "எனக்குக் கோவம் ஒம்மேலதான், இது மேல இல்ல. வச்ச முடிய, கேட்டத வாங்காம வாடவிடக் கூடாது" என்று சொல்லி, வாளித் தண்ணீரில் அதை நிற்க வைத்துவிட்டுப் போனார். ராமாயி அப்போதுதான் அழுதார்.

பரணிதரனுக்கு நாள் நன்றாக விடியவில்லை. அணைப்பதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், பதிந்து வைத்தவர்கள் பதிந்து வைத்துவிட்டார்கள். அவன் கோயில் குளத்தைக் காட்டி ஒரு வீடியோ போட்டால் கீழே, 'சாவி என்னாச்சு?' கும்பகோணம் காபியைப் பற்றிப் போட்டால், 'காபி இருக்கட்டும், சாவி?' செம்மொழியின் ஆஸ்பத்திரிக்கு ஆடு மாடு பிடித்து வருகிறவர்கள், "சாவி வந்துச்சா டாக்டரம்மா?" என்று கேட்டார்கள். முதலில் அம்மா மேல் எரிந்து விழுந்தவள், நாலாம் நாளிலிருந்து, "வரும், வரும்" என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பரணிதரன் கீழத்தெருவுக்குள் வந்தான். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்குள் அவன் கால் வைத்ததில்லை. வீடு தெரியாமல் விசாரித்துக்கொண்டு வந்தான். ராமாயி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அம்மா ஒத்துக்கிட்டாங்க" என்று சாவியை எடுத்தான். எடுத்தவன் கொடுக்கவில்லை. "ஒரே ஒண்ணு. கீழ் வீட்டுல அனுராதா அக்கா குடியிருக்காங்க, எங்களுக்குச் சொந்தம். வீடியோ பாக்குற பழக்கமில்ல, இந்தச் சாவிக் கத எதுவும் அவங்களுக்குத் தெரியாது. அவங்க கேட்டா ஊரு மட்டும் சொல்லுங்க. தெரு பேரு உங்க வாய்லேர்ந்து வரவேணாம். எனக்காக. அம்மாவுக்குச் சொந்தக்காரங்க முன்னாடி சங்கடம்."

உள்ளே நின்ற செம்மொழிக்கு முகம் சுண்டிவிட்டது. ராமாயி சாவியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"சரி தம்பி. எங்க வாய்லேர்ந்து வராது. எம்மவ வாய்லேர்ந்தும் வராது, எங்க செட்டு ஆளுங்க வாய்லேர்ந்தும் வராது. இது சத்தியம். ஆனா பால் காய்ச்சுற அன்னிக்கு நீங்க வந்து கதவத் தொறந்து விடணும். வீட்டுக்காரர் கையால தொறக்குறதுதானே மொறை."

அவனுக்கு உயிர் வந்தது. வருகிறேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஊர் முன்னாடி அவ்ளோ பேசிட்டு, கடைசியில தெருவ மறைக்கச் சம்மதிச்சிட்டியேம்மா. இதுக்கு நான் ஹாஸ்டல்லயே கெடந்திருப்பேன்" என்று வெடித்தாள் செம்மொழி. அலுப்பு போய் அவளுக்குக் கோபம் வந்துவிட்டதைப் பார்த்து ராமாயிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"பால் சட்டி வாங்கணும். எவர்சில்வரா, பித்தளையா? அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் செட்டு முழுக்கக் கும்பகோணம் போய் இறங்கியது. குத்துவிளக்கு, பால் சட்டி, பாய், அதோடு ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் அந்த நாற்று முடி. நுனி கொஞ்சம் பழுத்திருந்தாலும் உயிர் இருந்தது. பரணிதரன் சொன்னபடி வந்து கதவைத் திறந்துவிட்டான். பெண்கள் மாடி நிறைய நின்றார்கள். செம்மொழி அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

கீழ் வீட்டு அனுராதா ஒரு கிண்ணத்தில் சர்க்கரையோடு மேலே வந்தார். நல்ல சிரித்த முகம். "வாங்க வாங்க. டாக்டர் வர்றாங்கன்னு பரணி சொன்னான். எனக்கும் பேச்சுத் துணையாச்சு. சொந்த ஊரு எதுங்க?"

"வடகரைப்பத்து" என்றார் ராமாயி.

"அட, பரணி ஊரேதானா! எங்க சித்தி வாக்கப்பட்ட ஊராச்சே. அங்க எந்தத் தெரு?"

கேட்டதில் சூது எதுவும் இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதுதான் அந்தக் கேள்வியின் கொடுமை.  செம்மொழி பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரணிதரன் நைசாகப் படிக்கட்டை நோக்கி நகர்ந்தான்.

ராமாயி வாளியில் கைவிட்டு நாற்று முடியை எடுத்தார். சொட்டச் சொட்டக் கொண்டுபோய், வாசற்படியில் அவன் காலடியில் வைத்தார். பிறகு அனுராதாவிடம் திரும்பினார்.

"நான் சொல்லக் கூடாதும்மா. எங்க தெரு பேரு எங்க வாய்லேர்ந்து வரக் கூடாதுன்னு தம்பி கேட்டுக்கிட்டாரு. நாங்களும் சத்தியம் பண்ணிட்டோம். அதனால தம்பியே சொல்லுவாரு. சொல்லுங்க தம்பி, எந்தத் தெரு?"

பரணிதரன் நாற்று முடியைப் பார்த்தான். ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். இங்கே சேறு இல்லை, படிக்கட்டுதான். போனும் இல்லை, பார்க்கிற ஊரும் இல்லை. அவன் தாண்டவில்லை.

"கீழத்தெரு" என்றான்.

"காதுல விழல தம்பி. லைவுல பேசுவீங்களே, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."

"கீழத்தெரு!" படிக்கட்டு முழுக்க அது கேட்டது. எதிர் வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்தது. பரணிதரனுக்குக் காது வரை சிவந்திருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

ராமாயி குனிந்து முடியை எடுத்துக்கொண்டார். "வழி விட்டாச்சு தம்பி" என்றார். அவன் போகாமல் அங்கேயே நின்றான்.

அனுராதாவின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. நீட்டிய கிண்ணமும் பாதியில் நின்றிருந்தது. அதை நீட்டுவதா, இழுத்துக்கொள்வதா என்று அவருக்கே தெரியவில்லை. செம்மொழி நேரே வந்தாள்.

"குடுங்கக்கா, பால் பொங்குது" என்று அவர் கையிலிருந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.